கப்சாயும் பட்டறையும்

மலேசியத் தமிழர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் இரயில் பாதையையும் இரப்பர் மரத்தையும் மறவாது குறிப்பிடுகின்றனர். அவை குறிப்பிடத்தக்கவையே. ஆயினும், தோட்டத்து மண்சாலையைப் பட்டணத்துத் தார்ச்சாலையோடு இணைத்த சிறு மோட்டார் சைக்கிளை வரலாற்றுக்குரிய பொருளாக மதித்தோர் மிகச் சிலர். ‘கப்சாய்’ என்று வகுப்பில் சொன்ன அளவிலேயே மாணாக்கர் நகைக்கின்றனர். வீட்டு வாயிலில் நிற்கும் பொருளுக்கு வரலாறு ஏது என்பது அவர்கள் எண்ணம் போலும். அவ்வண்டி எங்குப் பிறந்தது, ஏன் அவ்வடிவில் பிறந்தது, வளைவில் சறுக்கி விழுந்தபின் எவ்வாறு எழுந்து ஓடிற்று என்பவற்றை ஈண்டு நோக்குவோம். இவற்றுள் மூன்றாவது வினாவே இக்கட்டுரைக்கு முதன்மையானது.

முதலில் பெயர். ஹோண்டா நிறுவனத்தார் தம் வண்டிக்கு இட்ட பெயர் ‘கப்’ என்பது. ஆங்கிலத்தில் விலங்கின் குட்டியைக் குறிக்கும் சொல் அது. சீனப் பேச்சுவழக்கில் சிறியதைக் குறிக்கும் ‘சாய்’ என்னும் ஒட்டு நம் நாட்டில் அதனோடு சேர்ந்தது. ஆக ஒரே பெயரில் இரண்டு குட்டிகள். மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூவரும் ஒருசேர வழங்கும் சொல்லாக அது நிலைத்துவிட்டது. ‘விசையுந்து’ என்னும் தூய தமிழ்ச் சொல் மோட்டார் சைக்கிளுக்கு உண்டு, அழகிய சொல்லே. ஆனால் எண்ணெய்க் கறை படிந்த எந்தப் பட்டறையிலும் அச்சொல் வழங்கக் கேட்டதில்லை. ஆதலின் இக்கட்டுரையில் பட்டறையின் சொற்களையே பெரிதும் ஆள்கின்றேன்.

இவ்வண்டியை உருவாக்கிய சொய்ச்சிரோ ஹோண்டா 1906ஆம் ஆண்டு ஜப்பானில் ஹமமட்சு நகருக்கு அணித்தான ஒரு சிற்றூரில், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1922இல் தோக்கியோவிலிருந்த ‘ஆர்ட் ஷோகாய்’ என்னும் கார்ப் பட்டறையில் பணியாளாகச் சேர்ந்தார். அது கார்களைப் பழுதுபார்க்கும் இடம். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1928இல், அதே பட்டறையின் கிளையொன்றை ஹமமட்சுவில் தாமே தொடங்கினார். 1936இல் கார்ப் பந்தயம் ஒன்றில் மோதிப் படுகாயமுற்றார். ஆக, உலகின் பெரிய மோட்டார் சைக்கிள் தொழிலை நிறுவியவர் தம் இளமை முழுவதையும் உடைந்த வண்டிகளின் அடியிலே கழித்தவர். மோதலின் விளைவைத் தம் எலும்பிலும் அறிந்தவர். இவ்வுண்மையை மனத்திற் கொண்டாலன்றி அவர் செய்த வண்டியின் அமைப்பு நமக்கு விளங்காது.

போருக்குப் பின், 1946இல், இராணுவம் கைவிட்ட சிறு எஞ்சின்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1948இல் ஹோண்டா நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டில் தக்கேயோ ஃபுஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். பொறியைக் கவனிப்பவர் ஹோண்டா, விற்பனையைக் கவனிப்பவர் ஃபுஜிசாவா என்று வேலை பிரிந்தது. 1952இல் மிதிவண்டியில் பூட்டும் சிறு எஞ்சின் ஒன்றை விற்பதற்காக, நாடெங்கும் இருந்த ஏறத்தாழ 50,000 மிதிவண்டிக் கடைகளுக்கு ஃபுஜிசாவா கடிதம் விடுத்தார். கடிதம் சென்றது மிதிவண்டிக் கடைக்கு என்பதை மாணாக்கர் கருத்தில் கொள்ளவேண்டும். ஸ்பேனரும் பஞ்சர் ஒட்டும் பசையும் வைத்திருக்கும் சிறு கடைக்காரரே இனி இப்பொறியையும் பழுதுபார்க்க வேண்டியவர். அவரால் பிரித்துப் பூட்ட இயலாத வண்டி விலைபோகாது.

இத்தகைய எண்ணங்களின் பயனாக 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘சூப்பர் கப்’ வெளிவந்தது. 49 சி.சி. அளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின், 4.5 குதிரைத்திறன், விலை 55,000 யென். ஏறியமரும் இடத்தில் குறுக்குச் சட்டம் இல்லை. ஆதலின் கைலி அணிந்தவரும் சேலை அணிந்தவரும் எளிதில் ஏறலாம். 17 அங்குலச் சக்கரங்கள் குண்டும் குழியுமான சாலைக்கு ஏற்றவை. நம் நாட்டு ‘மீ’யை ஒத்த உணவை ஒரு கையில் ஏந்தி வீடு வீடாகக் கொண்டு செல்லும் கடைப்பையன் மறு கையால் ஓட்டக்கூடியதாக வண்டி அமையவேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் கோரிக்கை. அதற்கு விடையாகத் தானியங்கிக் கிளட்ச் அமைந்தது. எஞ்சின் வேகமாகச் சுழலுங்கால் உள்ளிருக்கும் எடைகள் மையவிலக்கு விசையால் வெளிநோக்கித் தள்ளப்பெற்றுக் கிளட்ச் தட்டுகளை இறுக்கும். வேகம் தணிந்தால் விலகும். எனவே இடக்கையில் கிளட்ச் பிடியே இல்லை.

வண்டி விழும்போதுதான் இவ்வமைப்பின் மற்றொரு நன்மை தெரிகிறது. மணல் பரவிய வளைவிலோ செம்மண் சேற்றிலோ சறுக்கி, மெல்லிய வேகத்தில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தால், மற்ற மோட்டார் சைக்கிள்களில் முதலில் முறிவது கிளட்ச் பிடி. அது முறிந்தால் வீடு திரும்புவது அரிது. கப்பில் முறிவதற்கு அங்கு ஒன்றுமில்லை. கால்களுக்கு முன்னுள்ள வெள்ளைக் கவசம் தகரத்தால் ஆனதன்று; வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன். அடிபட்டால் கீறும், ஓரம் பிளக்கும். நசுங்கிக் காலை அழுத்தாது. இரு பாதங்களையும் ஊன்றும் தண்டு ஒரே இரும்புக் கம்பி. எஞ்சினின் அடியில் நான்கு போல்ட்டுகளால் மாட்டப்பட்டது. தரையைத் தொடும் அடியைப் பெரும்பாலும் அதுவே ஏற்று வளைகிறது. இவை அனைத்தும் விழுதலைக் கருதியே திட்டமிடப்பட்டவை என்று துணிந்து சொல்ல மாட்டேன். ஆயினும் விழுந்தால் கெடுவது வெளிப்புறத்து மலிவான உறுப்பாகவும், கழற்றி மாட்டத்தக்கதாகவும் இருப்பது, பட்டறையில் வளர்ந்தவரின் கைவண்ணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வண்டியை மலாயாவிற்குக் கொணர்ந்தவரும் பட்டறையில் வளர்ந்தவரே என்பது வியப்புக்குரியது. 1915இல் சீனாவில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கை அடைந்த லோ பூன் சியூ, பேருந்துகளைக் கழுவியும் பட்டறையில் தொழில் பயின்றும் வாழ்வைத் தொடங்கியவர். பின்னர்ப் பேருந்து நிறுவன உரிமையாளராக உயர்ந்தார். 1958இல் ஜப்பான் சென்றபோது இச்சிறு வண்டியைக் கண்டு, அதனை விற்கும் உரிமையைப் பெற்றுத் திரும்பினார். பள்ளிக்கூடம் அறியாத அவர் அந்த வண்டியைப் படித்த வகை, நம்மனோர் பலர் நூலைப் படிப்பதினும் கூர்மையானது. அவர் பெயரும் ஹோண்டாவின் பெயரும் மக்கள் நாவில் ஒன்றாகிவிட்டன. 1995இல் அவர் மறைந்தார்.

வண்டி பெருகவே பட்டறையும் பெருகிற்று. சந்தைக்கு எதிரே, தோட்டத்து முகப்பில், கம்பத்து வீட்டின் தாழ்வாரத்தில் என எங்கும் இரண்டு ஸ்பேனரும் ஒரு காற்றடிக்கும் பம்பும் கொண்ட கடைகள் தோன்றின. அங்கு வேலை செய்பவரை மலாய் மொழியில் ‘போமென்’ என்பர். மேற்பார்வையாளரைக் குறிக்கும் ‘ஃபோர்மேன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. வேலையாட்கள் மீது ஆணை செலுத்திய ஒருவனின் பட்டம், குந்தியமர்ந்து பிறர் வண்டியைத் திருத்தும் ஒருவனுக்கு வந்து சேர்ந்தது. சொல்லின் வரலாற்றில் இஃது இறக்கமா ஏற்றமா என்பதை மொழியாசிரியர்கள் முடிவு செய்க.

தோட்டத் தமிழருக்கு இவ்வண்டியால் விளைந்த பயன் பெரிது. பேருந்து வராத சாலையிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கும் மருத்துவமனைக்கும், 1970களில் எழுந்த தொழிற்சாலைகளுக்கும் செல்ல வழி பிறந்தது. தந்தைக்கு முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகப் பிள்ளைகள் பள்ளி வாயிலில் வந்திறங்கும் காட்சியைக் கண்டிக்காத தலைமையாசிரியர் இல்லை. அக்கண்டனத்தால் அது நின்றதும் இல்லை. அரசும் இப்பெருக்கத்தைக் கண்டு விதிகள் செய்தது. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அப்பத்தாண்டிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைந்தது.

இனி, விழுந்த வண்டி பட்டறைக்கு வந்தபின் நிகழ்வதைக் காண்போம். இங்குதான் நன்மையே தீமையாகும் இடமும் இருக்கிறது. சிறு வீழ்ச்சிக்குப் பிறகும் கப்சாய் ஓடும். ஓடுவதனாலேயே அதனை அப்படியே ஓட்டிச் செல்வர். கூலி வேலை செய்யும் இளைஞனுக்குப் புதிய உறுப்பின் விலை சிறிதன்று. ‘ஓடுகிறதே, போதும்’ என்னும் சொல்லைக் கேளாத பட்டறை நம் நாட்டில் இராது.

தேர்ந்த போமென் ஸ்பேனரை எடுக்குமுன் வண்டியின் முன்னே நின்று பார்ப்பார். சக்கரம் நேராக இருக்கையில் ஹேண்டில் ஒருபுறம் திரும்பியிருந்தால், ஃபோர்க் தன் பிடிப்பில் முறுகியிருக்கிறது என்பது பொருள். பிடிப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களின் இடையே இடுக்கி, ஹேண்டிலைத் திருகினால் பெரும்பாலும் நேராகிவிடும். பின்னர் முன்சக்கரம் தரையில் படாதவாறு நிறுத்தி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெல்லத் திருப்பிப் பார்ப்பார். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் உள்ளிருக்கும் குண்டுகள் தம் தடத்தில் குழி பறித்துவிட்டன எனக் கொள்வார். சக்கரம் நேராக ஓடுங்காலையிலேயே முன்னடி பெரும்பாலும் விழுவதால், குழியும் அந்நடு நிலையிலேயே ஏற்படுகிறது. அத்தகைய வண்டி நேர்ச்சாலையில் தானாக அலையும். ஓட்டுபவன் காற்றின் மேல் பழி போடுவான்.

சக்கரத்தின் கோணலை அறிய அவர்கள் கையாளும் கருவி நம் கையிலும் உள்ளதே, சுண்ணக்கட்டி. சக்கரத்தைச் சுழற்றி அதன் ஓரத்தின் அருகே சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்தால், வெளியே பிதுங்கிய இடத்தில் மட்டும் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து ஸ்போக்குகளைச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் வளையம் மேலும் கோணும்.

வலப்பக்கம் விழுந்த வண்டியில் அஞ்சத்தக்கது, கண்ணுக்குப் புலனாகாத ஒன்று. முறுக்கிப் பெட்ரோலைக் கூட்டும் கைப்பிடியின் முனை தரையில் மோதி உட்புறம் தள்ளப்பட்டிருக்கும். முறுக்கினால் கூடும், விட்டால் திரும்பி வராது. நின்ற நிலையில் ஒன்றும் தெரியாது. சந்திப்பை நெருங்கிக் கையைத் தளர்த்தும்போதுதான் தெரியும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, இரண்டிடத்திலும் கைப்பிடியை முறுக்கி விட்டு, ‘டக்’ என்று அது மீள்கின்றதா எனப் பார்க்காத பட்டறைக்காரரிடம் வண்டியை விடுதல் தகாது.

வளைந்ததை நிமிர்த்துவதிலும் அறிவு வேண்டும். கால் ஊன்றும் தண்டு இரும்பு. நீண்ட குழாயொன்றை அதன் முனையில் செருகி நிமிர்த்தலாம். அதனை வண்டியிலேயே வைத்து நிமிர்த்துவோர் உளர். அவ்வாறு செய்தால் அவ்விசை முழுவதும் நான்கு போல்ட்டுகளின் வழியே எஞ்சினின் அலுமினிய அடிப்பெட்டியில் சென்று தாக்கும். பெட்டி வெடித்து எண்ணெய் கசியத் தொடங்கும். தண்டைக் கழற்றி, இடுக்கியில் பூட்டி நிமிர்த்துவதற்குக் கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவே. பிரேக் பிடியோ இரும்பன்று. அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்ட அதனை மீண்டும் வளைத்தால் நேராகிவிட்டதுபோல் தோன்றும். உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கும். அவசரத்தில் இறுகப் பிடிக்கும் நாளிலேயே அது முறியும். அதை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. அதன் விலையைச் சேமிப்பதற்காக நிமிர்த்தித் தருபவர் ஏழைக்கு இரங்குபவர் என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. அவர்களுள் நம் பள்ளிகளில் படித்துச் சென்ற பிள்ளைகளும் இருக்கின்றனர்.

1990களின் நடுவில் கெடா மாநிலத்துக் குரூணில் ‘மோடெனாஸ்’ தொழிற்சாலை எழுந்து, உள்நாட்டுக் கப்சாய் சாலைக்கு வந்தது. 2017இல் உலகெங்கும் செய்யப்பட்ட கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது. இடையில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தி பிடித்தது. முன்னர், விழுந்த வண்டியில் பெட்ரோல் வழிந்திருந்தால் சற்றுப் பொறுத்து, கைப்பிடியை முழுவதும் திறந்து உதைத்தால் போதும். இப்போது சில வண்டிகளில் சாய்வை உணரும் கருவி எஞ்சினை நிறுத்திவிடுகிறது. சாவியை மூடித் திறந்தாலன்றி அது மீண்டும் உயிர்பெறாது. விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, அதன் பொருளைக் கையேட்டில் தேடவேண்டிய காலம் இது. அக்கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டறையில் தமிழ் பேசி வேலை கற்கும் இளைஞர்கள் அதை ஒருவர் படிக்க ஒருவர் கேட்டு அறிகின்றனர். சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய கால் தண்டுகள் மட்டும் எவர் கையேட்டையும் எதிர்பாராமல், அடுத்து வளையப்போகும் ஒன்றுக்கு மாற்றாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன.