வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா? இயந்திரமும் சட்டமும்

ஆயர் குரோ: செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டி நாசம் செய்வது தோட்டப்புறங்களில் பழைய தொல்லை. அதற்காக முறைப்படி உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்போரும் உண்டு. சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை மீண்டும் நிரப்பும் 'ரீலோடிங் பிரஸ்' இயந்திரத்தை இணையத்தில் பார்க்கும் இளைஞர்கள், அதை வாங்கினால் செலவு மிச்சமாகுமே என்று நினைக்கக்கூடும். வாங்குவதற்கு முன் சில விவரங்களை அறிந்துகொள்வது நல்லது.

வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவில் கூடு, பிரைமர் எனும் தீமூட்டி, வெடிமருந்து, அடைப்பான், ஈயக் குண்டுகள் என ஐந்து பாகங்கள் உள்ளன. பழைய பிரைமரை வெளியே தள்ளி, புதியதைப் பொருத்தி, மருந்தும் குண்டும் நிரப்பி, வாயை மடித்து மூடுவதே இயந்திரத்தின் வேலை.

இயந்திரங்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.

ஒற்றை நிலை: கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலை மட்டுமே நடக்கும். மெதுவானது; தவறு எளிதில் கண்ணில் படும்.

சுழல் தலை: அச்சுகளைக் கழற்றி மாட்டத் தேவையில்லை, தலையைத் திருப்பினால் போதும்.

தொடர்நிலை: ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா தயாராகும். வேகம் அதிகம், தவறு கண்ணில் படாமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

எந்த வகையானாலும், மருந்து இருமடங்கு விழுந்துவிட்டால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகலாம்.

அமெரிக்காவில் இது பலரின் பொழுதுபோக்கு. மலேசியாவில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமமின்றித் தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் உண்டு. துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதால் மட்டும் வீட்டில் தோட்டா தயாரிக்கும் உரிமை வந்துவிடாது.

ஆகவே, உரிமம் பெற்ற கடையில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் மட்டுமே தோட்டா வாங்க வேண்டும். துப்பாக்கி வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ காலமானால், பீரோவில் பூட்டி வைக்காமல் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். சில ரிங்கிட் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு குடும்பமே நீதிமன்றப் படி ஏறும் நிலை வரக்கூடாது.