ஒரு நைட் கவுன் குறைகிறது

இருபது வருஷம் சர்வீஸ் போட்ட எந்தப் போலீஸ் அதிகாரியிடமும் பேசிப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில், ‘மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிடுவேன் சார்’ என்று ஒரு வரி வந்துவிடும். அலட்டல் என்று தள்ளிவிட முடியாது. நாம் வாழ்நாளில் பத்துப் பொய்யர்களைப் பார்த்திருந்தால், அவர் நித்தம் பத்துப் பேரைப் பார்த்திருப்பார்.

சரி, ஒப்புக்கொள்வோம். அதே அதிகாரி ஒரு நாள் நம்மைப் போன்ற ஆள்களின் வீட்டுக்குள் நுழைந்து, ‘இந்தப் பெண்தான்’ என்று கை காட்டினால்? அப்போதும் ஒப்புக்கொள்வோமா?

1860ல் இங்கிலாந்தில் ஒருவர் அப்படிக் கை காட்டினார். பெயர் ஜாக் விச்சர். தோட்டக்காரரின் மகன். 1837ல் லண்டன் போலீஸில் சாதாரண கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். 1842ல் ஸ்காட்லாண்ட் யார்டில் முதன்முதலாகத் துப்பறியும் பிரிவு ஆரம்பித்தபோது பொறுக்கி எடுக்கப்பட்ட எட்டுப் பேரில் ஒருவர். யூனிஃபார்ம் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டியது, பார்க்க வேண்டியது. அதுதான் வேலை.

எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு இந்தத் துப்பறிவாளர்கள் மீது அப்படியொரு மோகம். தம் பத்திரிகை அலுவலகத்துக்கே அழைத்து, உட்காரவைத்து, கதை கேட்டு 1850ல் எழுதினார். விச்சரின் பெயரை லேசாக மாற்றி ‘விட்ச்செம்’ என்று போட்டார். அதில் ஒரு சம்பவம். எப்சம் குதிரைப் பந்தய நாள். ஸ்டேஷனில் கூட்டம். ஒரு பெரிய மனிதரின் வைர ஊசியைப் பிக்பாக்கெட் கோஷ்டி அடித்துவிட்டது. ஊசி யார் கையில் இருக்கிறது என்பதை விச்சர் கவனித்துவிட்டார். எல்லாரும் தரையில் கட்டிப் புரண்ட களேபரத்தில் அவன் புறங்கையை லேசாகத் தொட்டார். ‘நம்ம ஆளு’ என்று நினைத்து அவனே ஊசியைக் கொடுத்துவிட்டான்!

திருடன் யாரையும் நம்ப மாட்டான் என்று நாம் நினைக்கிறோம். விச்சருக்குத் தெரியும், திருடனும் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். லண்டன் கைதட்டியது. கைதட்டாமல் என்ன? அவர் படித்துக் காட்டியது திருட்டுப் பயல்களின் மனத்தைத்தானே.

பத்து வருஷம் கழித்து, 1860 ஜூன் 29 இரவு. வில்ட்ஷயர் பக்கம் ரோட் என்றொரு கிராமம். அங்கே ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் சாமுவேல் கென்ட், தொழிற்சாலைகளைச் சோதனை போடும் அரசாங்க அதிகாரி. விடிந்து பார்த்தால் அவருடைய மூன்று வயது மகன் சேவிலைத் தொட்டிலில் காணோம். தேடினால், தோட்டத்தில் வேலைக்காரர்களுக்கான கழிப்பிடத்தில் பிணமாகக் கிடக்கிறான். கழுத்து அறுபட்டிருந்தது.

ஹாலில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. ஆனால், வெளியாள் வந்த அடையாளம் எதுவும் இல்லை. என்றால், வீட்டுக்குள் படுத்திருந்த யாரோதான்.

இப்போது உள்ளூர் போலீஸ் செய்த காரியத்தைக் கேளுங்கள். கொலை தெரிய வந்த அன்றே சமையலறை அடுப்புக்குள் ரத்தக்கறை படிந்த ஓர் உள்ளாடை கிடைத்தது. அடடா, விட்டார்களா? விட்டார்கள். பெண்கள் சமாச்சாரமாக இருக்கும் என்று சங்கோஜப்பட்டு அங்கேயே விட்டார்கள். அன்றிரவு, யாராவது அதை எரிக்க வருகிறார்களா என்று கண்காணிக்க இரண்டு கான்ஸ்டபிள்கள் சமையலறையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கார கென்ட் என்ன செய்தார் தெரியுமா? அவர்களை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மணிக்கணக்கில் போலீஸ் ‘உள்ளே’. அந்தத் துணியும் காணாமல் போனது. நடந்தது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று போலீஸ் வாயை மூடிக்கொண்டது. விஷயம் கசிந்தது பல மாதங்கள் கழித்துத்தான். கொலைக்கும் அந்தத் துணிக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்று பார்க்க வழியே இல்லாமல் போயிற்று.

ஒரு குடிசையில் இது நடந்திருந்தால் போலீஸ் இப்படிச் சங்கோஜப்பட்டிருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து லண்டனிலிருந்து விச்சர் வந்தார். அவர் கண்ணில் பட்டது ரத்தம் அல்ல, சலவைக் கணக்கு. கென்டின் மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸ். வயது 16. அவளிடம் மூன்று நைட் கவுன்கள் உண்டு என்று கணக்கு சொல்கிறது. இப்போது இரண்டுதான் இருக்கின்றன. மூன்றாவது? ‘வெளுக்கப் போட்டேன், சலவைக்காரம்மா தொலைத்துவிட்டார்’ என்றாள். ‘கூடையில் வரவே இல்லை’ என்றார் சலவைக்காரம்மா.

விச்சரின் கணக்கு இப்படிப் போனது. கொலையன்று அணிந்த கவுனை ஒழித்தாயிற்று. மிச்சம் இரண்டு. திங்கட்கிழமை சலவைக்குப் போட்ட கவுனை வேலைக்காரப் பெண் எண்ணிக் குறித்துக்கொள்கிறாள். அதன் பிறகு, அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, கூடையிலிருந்து அதை உருவிக்கொண்டால்? கணக்கில் போனது மாதிரி இருக்கும், கையில் இரண்டும் பத்திரமாக இருக்கும். பழி சலவைக்காரம்மா தலையில். சரக்கை ஏட்டில் பதிந்துவிட்டுக் கொல்லைப்புறமாக எடுத்துப் போகிற பழைய வித்தைதான்.

காரணமும் அவருக்குக் கிடைத்தது. கான்ஸ்டன்ஸின் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல்லி வீட்டில் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். குடித்தனத்தை நடத்தியவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை. அம்மா 1852ல் இறந்தார். அடுத்த வருஷமே அந்த ஆசிரியை சித்தியாகிவிட்டார். அவருடைய செல்லப் பிள்ளைதான் சேவில். கான்ஸ்டன்ஸ் 1856ல் முடியை வெட்டி, பையன் வேஷம் போட்டு, தம்பி வில்லியமோடு வீட்டைவிட்டு ஓடியிருக்கிறாள். வெட்டிய முடியை வீசிய இடம், அதே கழிப்பிடம்.

ஜூலை 20 அன்று விச்சர் அவளைக் கைது செய்தார்.

அவ்வளவுதான், ஊரே அவர் மீது பாய்ந்தது. கோர்ட்டில் கான்ஸ்டன்ஸின் வக்கீல் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். ஒரு நைட் கவுன் காணவில்லை என்பதற்காக நல்ல குடும்பத்துப் பெண்ணின் வாழ்க்கையை நாசம் செய்வதா? கான்ஸ்டன்ஸ் 200 பவுண்ட் ஜாமீனில் வீட்டுக்குப் போனாள். பத்திரிகைகள் திட்டின. பார்லிமெண்டில் கேள்வி கேட்டார்கள். தோட்டக்காரன் மகன் கனவான் வீட்டின் படுக்கையறையில் துணி எண்ணுவதா!

டிக்கன்ஸ்? அவரும் விச்சரை நம்பவில்லை. அப்பாவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் கள்ளத்தனமாகச் சந்தித்தபோது குழந்தை விழித்திருக்கும், அதனால் கொன்றிருப்பார்கள் என்பது அவர் கட்சி. மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று உலகம் கொண்டாடுகிற எழுத்தாளர், சாட்சியே இல்லாமல் ஒரு கதை கட்டினார். அதற்கு யாரும் அவரைத் திட்டவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விச்சரிடம் இருந்தது சந்தேகம். நிரூபணம் இல்லை. இல்லாத துணியை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, கூடாது. ‘மூஞ்சியைப் பார்த்தாலே சொல்லிடுவேன்’ என்பது தவறிப்போகும் என்பதற்கு அவரே உதாரணம். 1861ல் கிங்ஸ்வுட் என்ற ஊரில் நடந்த கொலை வழக்கில் ஒரு ஜெர்மானியரைக் குற்றவாளி என்று உறுதியாக நம்பினார். ஜூரி விடுதலை செய்துவிட்டது. அனுபவம் எங்கே தோண்டலாம் என்றுதான் சொல்லும். தோண்டி எடுத்துக் காட்டினால்தான் கோர்ட் நம்பும். ரோட் கிராமத்தில் தோண்டி எடுத்திருக்க வேண்டிய ஒரு பொருள், உள்ளூர் போலீஸின் மரியாதையில் மாயமாகிவிட்டிருந்தது.

மனம் ஒடிந்த விச்சர் 1864ல், உடல்நலம் கெட்டு, ஓய்வு பெற்றார்.

அடுத்த வருஷம், 1865 ஏப்ரல் 25. லண்டன் பவ் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்குக் கறுப்பு உடையில் ஓர் இளம்பெண், ஒரு பாதிரியாரோடு வந்தாள். வயது 21. ‘நான்தான் செய்தேன், தனியாகவே செய்தேன்’ என்றாள். கான்ஸ்டன்ஸ்! அப்பாவின் சவரக் கத்தியை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்ததையும், நைட் கவுனை எரித்ததையும் பிறகு ஒப்புக்கொண்டாள். குழந்தை மீது கோபமில்லை, சித்தியைப் பழிவாங்கவே செய்ததாகச் சொன்னாள். (தம்பி வில்லியமைக் காப்பாற்ற முழுப் பழியையும் ஏற்றாளோ என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.) தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 20 வருஷம் ஜெயில். 1885ல் விடுதலை.

அதன் பிறகு நடந்ததை எந்தப் போலீஸ்காரரும் ஊகித்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவுக்குப் போய், ரூத் எமிலி கேய் என்று பெயரை மாற்றிக்கொண்டு, நர்ஸாகப் பயிற்சி எடுத்து, பல்லாண்டுகள் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். 1944ல், 100 வயதில் இறந்தார். குழந்தையைக் கொன்ற கையும் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிய கையும் ஒன்றேதான். இதில் எது ‘உண்மையான’ கான்ஸ்டன்ஸ் என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

விச்சர் சும்மா இருக்கவில்லை. தனியார் துப்பறிவாளராக மாறினார். காணாமல் போன பிரபு வம்சத்து வாரிசு நான்தான் என்று ஒருவர் சொத்து கேட்டு வந்த டிச்போர்ன் வழக்கில், அவர் லண்டன் வந்த முதல் நாளே வாப்பிங் பகுதிக்குப் போய் ஒரு கசாப்புக்காரர் குடும்பத்தைப் பற்றி விசாரித்ததைக் கண்டுபிடித்தார். வாரிசு வேஷம் கலைய அது முக்கியமான பிடியாக இருந்தது. 1881ல் விச்சர் காலமானார்.

சரியாகச் சொன்னதற்காக அவமானப்பட்டவர் அவர். அந்த இரண்டு கான்ஸ்டபிள்களை யோசித்துப் பாருங்கள். அடுப்பில் கிடந்த துணியை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தால், விச்சருக்கு முகத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. பெரிய வீடு, பெரிய மனிதர் என்று சங்கோஜப்பட்டுத் துணியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமையலறையில் நாம் உட்கார்ந்திருந்தால் துணியை எடுத்திருப்போமா?