துண்டுச் சீட்டும் வண்டிப் பதிவும்

உழைப்பவரைப் பற்றி ஏட்டில் குறித்துவைக்கும் வழக்கம் தேயிலை மலைகளுக்குப் புதியதன்று. அவ்வேடு யார் கையில் இருந்தது, அதில் உள்ளதை உழைப்பவர் காண முடிந்ததா என்னும் இரு வினாக்களே அதன் நன்மை தீமைகளை அளக்கும் கோல்களாம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கிற்று. இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்பதே அதன் பொருள். துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிட்டுவது அரிது. புதிய தோட்டம் கடனைத் தீர்த்து ஆளைப் பெற்றது. கடனோ தொழிலாளர் தலையிலேயே நின்றது. எழுத்தறியாதார் கங்காணியின் கணக்கை எங்ஙனம் மறுப்பர்? 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்றது. பின்னர், 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைக் கேமரன் மலையில் தொடங்கினார். தோட்ட வாழ்விலோ ஏடு நீங்கவில்லை. காலைப் பெரட்டில் பெயர் செக்ரோலில் ஏறும். பறித்த கொழுந்தின் எடை கிராணியின் கணக்கில் ஏறும். எனினும் தராசு கண்முன் நின்றது. நிறுப்பவரும் பறித்தவரும் ஒருங்கே காணத்தக்க பதிவு, துண்டினும் நேரியது என்பது வெளிப்படை.

இன்று அம்மலைச் சாலைகளில் ஏட்டின் இடத்தைக் கருவி பெற்றுள்ளது. 2010 டிசம்பர் 20-ஆம் நாள் கேமரன் மலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணியர் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2013 ஆகஸ்டு 21-இல் கெந்திங் மலைச் சாலையில் 37 பேர் இறந்தனர். அதன்பின் விரைவுப் பேருந்துகள் செயற்கைக்கோள் வழியே இடமும் வேகமும் காட்டும் கருவியைக் கொண்டிருத்தல் உரிமத்தின் நிபந்தனையாயிற்று. உயிர்காக்கும் இந்நோக்கத்தைக் குறைகூறுவார் இலர்.

ஆயினும் அக்கருவி வேகத்தோடு, ஓட்டுநர் எங்கு நின்றார், எவ்வளவு நேரம் ஓய்ந்தார் என்பனவற்றையும் காட்டவல்லது. அப்பதிவு முதலாளியின் கையில் மட்டும் தங்குமாயின், அது கங்காணியின் கணக்கை ஒத்ததாகிவிடும். 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மலேசியத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய குறிப்பைக் காணவும் திருத்தக் கோரவும் உரிமை தருகின்றது. ஆனால் அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது.

பிற நாடுகளும் இவ்வெல்லையை வரைந்துள்ளன. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், காரின் விபத்துப் பதிவு வண்டியின் உரிமையாளருக்கோ குத்தகைக்கு எடுத்தவருக்கோ உரியது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 சூலை முதல் புதிய கார்கள் யாவற்றிலும் பதிவுக்கருவி கட்டாயம். எனினும் அது மோதலை ஒட்டிய சிறுபொழுதையே காத்துவைக்கும். இன்னாருடைய வண்டியென இனங்காட்டும் குறிப்பு அதில் இடம்பெறலாகாது.

முன்பணத்திற்குப் பாதுகாப்பு என்று சொல்லியே துண்டும் வழங்கப்பட்டது. நாளடைவில் அது மனிதரையே பிணித்தது. ஆதலின் எதைப் பதிவது, எத்துணைக் காலம் வைப்பது, யார் காண்பது என்பனவற்றை முன்னரே வரையறுத்தல் வேண்டும். தராசைப் போலப் பதிவும் ஓட்டுநரின் கண்முன் நிற்பதே முறை.