ரெண்டு மீனும் ஒரு ஊசியும்

வாரம் முழுக்க கம்ப்யூட்டரை முறைச்சுப் பார்த்துட்டு இருக்கிறவனுக்கு நடுக்கடல்ல மீன் பிடிக்கிற ஆசை வந்தா என்ன ஆகும்? முதல் ஒரு மணி நேரம் வாந்திதான் ஆகும். ஆச்சு. போன ஜூன்ல ஒரு சனிக்கிழமை, ரூம் மேட்ஸ் மூணு பேரோட அட்லாண்டாவிலிருந்து ராத்திரியே கிளம்பி, ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் விடியக்காலை படகு ஏறினோம். குறி, ரெட் ஸ்நாப்பர். (நம்மூர் ஓட்டல் மெனுவில் சங்கராவுக்கும் இதே பெயரைப் போட்டிருப்பாங்க. ஆனா இது வேற ஆளு.)

ஆளுக்கு ரெண்டு மீன்தான். அதுவும் 16 அங்குலம் இருந்தால்தான் பெட்டிக்குள் போகலாம். தங்கூசியில் ஈயக்குண்டும் கணவாய்த் துண்டும் கட்டி கீழே விட்டால், அடி தட்டின உடனே இழுக்குது. எனக்கு வந்த மூணாவது மீன் 14 அங்குலம். ஆழத்திலிருந்து சட்டுனு மேலே வந்ததில் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியா பிதுங்கி நிக்குது. படகில் வேலை செய்யும் பையன் ஒரு துளை ஊசியால் குத்திக் காத்தை இறக்கித் தண்ணியில் போட்டான். அது நீந்தலை, மிதந்துச்சு. படகு பின்னாடியே வந்துட்டிருந்த டால்ஃபின் ஒண்ணு வந்து எடுத்துட்டுப் போயிருச்சு.

அந்த ஊசிதான் வீட்டுக்கு வந்ததும் என்னைப் பழைய கதைகளைத் தேட வைச்சது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கரைக்கு ஸ்நாப்பர் பிடிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கே கனெக்டிகட் பக்கத்து மீனவர்கள். பக்கத்து ஊர் டெஸ்டினுக்குப் பெயர் கொடுத்த லியனார்ட் டெஸ்டினும் நியூ லண்டனிலிருந்து வந்த ஒரு கேப்டன்தான். அவங்க ஓட்டினது 'ஸ்மாக்' என்ற பாய்மரப் படகு. நடுவில் ஒரு தொட்டி. அடிப்பலகையில் ஓட்டைகள் போட்டிருப்பதால் கடல் தண்ணி வந்து போயிட்டே இருக்கும். மீனை உயிரோட நியூ ஆர்லியன்ஸ் வரை கொண்டு போகணும், ஏன்னா ஐஸ் கிடையாது. ஆனா ஆழத்து மீன் ஊதிப் போய் மிதக்குமே? ஊசியால் காற்றுப்பையைக் குத்தினாங்க! 150 வருஷம் கழிச்சு நான் பார்த்த அதே வைத்தியம். அன்னைக்கு மீனை விற்க, இன்னைக்கு மீனை விட. அவ்ளோதான் வித்தியாசம்.

பிறகு ரெண்டு விஷயம் சேர்ந்து வந்தது: ரயிலும் ஐஸும். வடக்கே மெய்ன் பக்கம் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டி கப்பலில் வந்து இறங்க, 1872-ல் பென்சகோலாவில் முதல் மீன் கம்பெனி தொடங்கியது. 1880-ல் வாரன் கம்பெனி. மீன் நியூயார்க்கின் ஃபுல்டன் மார்க்கெட் வரை போனது. அந்த மார்க்கெட்டின் பெரிய வியாபாரி யூஜின் பிளாக்ஃபோர்டு பெயரையே 1878-ல் இந்த மீனுக்கு அறிவியல் பெயரா வைச்சாங்க! (கியூபாவின் பொயே 1860-லேயே மெக்சிகோவின் கம்பெச்சே பெயரை வைத்திருந்ததால், பின்னால் அதுவே நிலைச்சது.)

பாறைத் திட்டைக் கண்டுபிடிக்க அப்போ சோனாரா இருந்துச்சு? ஈயக்குண்டின் அடிக்குழியில் சோப்பைத் தடவி இறக்குவாங்க. ஒட்டிட்டு வர்றது மணலா, சிப்பியா, பவளமான்னு பார்த்தே நம்ம ஆளுங்க சொல்ற மாதிரி 'பார்' எங்கேன்னு சொல்லிடுவாங்க. இந்தக் கண்ணோட ஒரு தலைமுறை மீன் பிடிச்சா என்ன மிஞ்சும்? வாரன் கம்பெனியின் பங்குதாரர் சைலஸ் ஸ்டெர்ன்ஸ் 1880-களிலேயே, கரையோரத் திட்டுகள் காலியாகி வருது, படகுகள் மேலும் மேலும் தூரம் போக வேண்டியிருக்குதுன்னு எழுதிட்டார். எழுதினது மீன் வியாபாரி, கவனிக்க. கடைசியில் வளைகுடாவைத் தாண்டி யுகடான் பக்கத்து கம்பெச்சே திட்டு வரை போனாங்க. 1906 புயலில் பென்சகோலாவின் படகுகள் பல நொறுங்கியும் தொழில் நிக்கலை.

அடுத்த பெரிய அடி, இறால் மடி. குட்டி ஸ்நாப்பர்கள் வாழ்றதும் இறால் கிடைக்கும் அதே சேற்றுத் தரையில்தான். இறாலோட சேர்ந்து வந்த குட்டிகள் செத்துக் கடலுக்கே திரும்பின. 1988-ல் முதல் முறையா ஒழுங்கா கணக்கு போட்டப்போ நிலைமை படுமோசம். 1990-ல் ஆளுக்கு 7 மீன்னு வரம்பு வந்து, படிப்படியா குறைஞ்சு 2007-ல் ரெண்டானது. தொழில்முறை மீனவர்களுக்கு அதே வருஷம் தனித்தனிப் பங்கு. ஆண்டு அளவில் 51 சதவீதம் அவங்களுக்கு, 49 எங்களை மாதிரி வாரக்கடைசி ஆட்களுக்கு.

இங்கேதான் ஒரு முரண். மீன் பெருகப் பெருக சுலபமா கிடைக்குது, எடையும் கூடுது. அதனால ஒதுக்கின அளவு சீக்கிரம் தீர்ந்து, சீசன் சுருங்குது. 2017-ல் தனியார் படகுகளுக்கு மத்திய அரசு கொடுத்தது மூணே நாள்! கரையெல்லாம் கொந்தளிக்க, வர்த்தகத் துறை அதை 42 நாளாக்கியது, பெரும்பாலும் வாரக்கடைசிகள். இதனால் மீன்வளம் மீள்வது 6 வருஷம் வரை தள்ளிப் போகலாம்னு அந்த அறிவிப்பிலேயே ஒத்துக்கிட்டாங்க. வழக்கும் வந்தது.

எங்க கேப்டன் தாத்தாகிட்ட கேட்டேன். "கடல் பூரா மீன். ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியலை"ன்னு பொரிஞ்சார். நானும் ஆபீஸ்ல உட்கார்றவன்தான்னு சொல்லலை :-)

ஆனா அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கு. 2021-ல் வெளிவந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, சுமார் 11 கோடி ஸ்நாப்பர்கள் இருக்குன்னு சொன்னது, பழைய மதிப்பீட்டைப் போல மூணு மடங்கு. யாரும் தேடாத வெறும் மணல் தரையில் அத்தனை மீன். (டெஸ்ட் கேஸ் எழுதாத இடத்தில்தான் எல்லாம் இருக்கும்கிறது எங்க தொழில்லயும் உண்டு.) அந்த எண்ணையும் பிறகு குறைச்சாங்க. ஆனாலும் 50 வருஷம் வாழக்கூடிய மீன் இது. கிழட்டு மீன்கள்தான் முட்டையை அள்ளிப் போடும். தாத்தாவுக்குத் தெரியறது எத்தனை மீன் இருக்குங்கிறது. எத்தனை வயசு மீன் இருக்குங்கிறது படகிலிருந்து தெரியாது. அதனால நான் ஆபீஸ்காரன் பக்கம்தான்.

மீனை ஆழத்துக்கே திரும்ப இறக்கிவிடும் கருவியோ, இல்ல ஊசியோ படகில் கட்டாயம்னு 2022-ல் விதி வந்தது. எங்க படகில் அந்தக் கருவியும் ஒரு மூலையில் தொங்கிட்டுதான் இருந்தது. ஊசி சீக்கிரம் முடியுதுன்னு பையன் சொன்னான்.

நாலு பேரும் சேர்ந்து எட்டு மீன் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். சின்னதுன்னு திருப்பிப் போட்டது பதினொண்ணு. அதில் மிதந்தது எனக்குத் தெரிஞ்சு நாலு. மத்த ஏழும் கீழே போனதைப் பார்த்தேன், அதுக்கு மேல டால்ஃபினுக்குத்தான் வெளிச்சம்.