பந்துக்கும் ஒரு முத்திரை

கள்ளக்குறிச்சிச் சந்தையில் தராசு வைத்திருக்கும் வியாபாரியிடம் எடைக்கல்லை வாங்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஈயம் வைத்து அதன்மேல் சர்க்கார் முத்திரை குத்தியிருக்கும். அந்த முத்திரை வியாபாரியின் பெருமைக்காக ஏற்பட்டதல்ல. வாங்க வருகிறவருக்காக ஏற்பட்டது. அவரால் ஒவ்வொரு கல்லையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்குப் பதிலாக வேறொருவர் நிறுத்துப் பார்த்து, 'இதை நம்பலாம்' என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். நெய் டின்னில் இருக்கும் அக்மார்க்கும் அப்படிப்பட்டதுதான். அதற்கான சட்டம் 1937-ல் வந்தது.

கல்லுக்கும் நெய்க்கும் முத்திரை வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பிள்ளைகள் பந்து உதைக்கும் சங்கத்துக்கும் முத்திரை வேண்டும் என்றால்தான் சிரிப்பு வருகிறது. ஒரு பந்து, நாலு பையன்கள், அறுப்பு முடிந்த ஒரு வயல். இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் இன்று சிறுவர்களுக்கான கால்பந்துச் சங்கங்களைச் சோதித்து, தரம் பிரித்து, நட்சத்திரம் வழங்கும் ஏற்பாடு உலகத்தின் பல பாகங்களில் நடக்கிறது. நம் நாட்டிலும் நடக்கிறது. அந்த முத்திரை பிறந்த சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு தானாக அடங்கிவிடும்.

ஆரம்பத்தில் முத்திரை ஒன்றும் இல்லை. லண்டனில் 1863-ல் கால்பந்துச் சங்கம் அமைந்து விதிகளை எழுதியது. அந்த விதிகள் எல்லாம் பந்தைப் பற்றியவை. பந்து உதைக்கிற பிள்ளையைப் பற்றியவை அல்ல. ஆஸ்டன் வில்லா 1874-ல் ஒரு தேவாலயத்து இளைஞர்களால் தொடங்கப்பட்டது. எவர்ட்டன் 1878-ல் இன்னொரு தேவாலயத்திலிருந்து கிளம்பியது. பாதிரியார் பக்கத்தில் இருக்கிறார் என்பதே பெற்றோருக்குப் போதுமான நற்சாட்சிப் பத்திரமாக இருந்தது. நம் பக்கத்திலும் கால்பந்து பட்டாளத்து மைதானத்திலும் மிஷன் பள்ளிக்கூடத்திலும்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். அந்தத் தலைமுறையை வளர்த்த மைதானங்களை யாரும் வந்து அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்க்கும் வேலையில் முன்னே நின்றவர்கள் ஜெர்மானியர்கள். அதற்குக் காரணம் அவமானம். 1998 உலகக் கோப்பைக் கால் இறுதியில் குரோஷியாவிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். 2000-ல் ஐரோப்பியக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி, ஒரே ஒரு கோல் போட்டு, தங்கள் பிரிவில் கடைசி இடத்தோடு ஊர் திரும்பினார்கள். வயதான ஆட்டக்காரர்களைத் திட்டிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. 'பையன்களை எங்கே வளர்க்கிறோம்?' என்று கேட்டார்கள். 2001 முதல், முதல் பிரிவில் ஆடும் ஒவ்வொரு சங்கமும் இளைஞர் பயிற்சி மையம் ஒன்றை நடத்தியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஆட உரிமம் கிடையாது என்று சட்டம் செய்தார்கள். அடுத்து இரண்டாம் பிரிவுக்கும் அதை நீட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்த மையங்கள் சொன்னபடி நடக்கின்றனவா என்று சோதிக்க பெல்ஜியத்திலிருந்து டபுள் பாஸ் என்ற ஸ்தாபனத்தை அழைத்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் மார்க் போட்டால் தாட்சண்யம் வந்துவிடும் அல்லவா? 2014-ல் ஜெர்மனி பிரேசிலை அதன் மண்ணிலேயே ஏழுக்கு ஒன்று என்று வென்று, பிறகு உலகக் கோப்பையையும் தூக்கியது. அதன் பிறகு முத்திரையின் மதிப்பு எங்கும் ஏறிவிட்டது.

இது முத்திரையின் ஒரு முகம், திறமையின் முகம். அதற்கு இன்னொரு முகம் உண்டு. அது இங்கிலாந்தில் பிறந்தது. அதைச் சொல்லவே மனம் கூசுகிறது.

பாரி பென்னல் என்று ஒரு பயிற்சியாளர். திறமையான பையன்களை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். 1980-களில் க்ரூ அலெக்ஸாண்ட்ரா என்ற சங்கத்தின் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். க்ரூ சின்ன ஊர். ஆனால் பையன்களை வளர்ப்பதில் அதற்குத் தேசமெங்கும் புகழ். அந்தப் புகழின் நிழலில் அவர் சிறுவர்களைப் பாழாக்கினார். 1994-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவுக்குப் பையன்களை அழைத்துப் போன இடத்தில் அகப்பட்டார். 1998-ல் இங்கிலாந்திலும் சிறைத் தண்டனை பெற்றார். ஆனாலும் மௌனம் முழுவதும் கலைந்தது 2016 நவம்பரில்தான். பழைய க்ரூ ஆட்டக்காரர் ஆண்டி உட்வர்டு தமக்கு நேர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். அதைக் கேட்டுப் பல நடுத்தர வயது மனிதர்கள், மனைவியிடம்கூடச் சொல்லாமல் புதைத்து வைத்திருந்ததைச் சொல்ல முன்வந்தார்கள். 2018-ல் பென்னலுக்கு 30 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. 2023-ல் சிறையிலேயே இறந்தார். கிளைவ் ஷெல்டன் என்ற வழக்கறிஞர் விசாரித்து 2021-ல் அறிக்கை கொடுத்தார். 1995-க்குப் பிறகு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தும், 2000 வரையில் கால்பந்துச் சங்கம் பிள்ளைகளைக் காக்க வேண்டிய அளவு காக்கவில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டும். அந்த நாளில் திறமைக்கு மட்டும் நட்சத்திரம் கொடுத்திருந்தால் க்ரூவுக்கு எத்தனை கிடைத்திருக்கும்? பெற்றோர் பார்த்ததும் அந்த நட்சத்திரங்களைத்தானே? கண்ணுக்குத் தெரிந்த தரமே கண்ணை மறைத்துவிட்டது.

2001-ல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 'சார்ட்டர் ஸ்டாண்டர்டு' என்ற முத்திரையைத் தொடங்கியது. அந்த முத்திரை பெறும் சிறுவர் சங்கத்தில் பயிற்சியாளர் தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும். முதலுதவி தெரிந்தவர் வேண்டும். பிள்ளைகளோடு பழகுகிறவர் பேரில் குற்றப் பதிவு உண்டா என்று விசாரிக்கவேண்டும். பிள்ளையோ பெற்றோரோ போய் முறையிட, பெயர் குறித்த நலப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். எல்லாம் சாதாரண விதிகள். ஆனால் சாதாரண விதி இல்லாததால்தானே அத்தனை வீட்டில் இருட்டுப் புகுந்தது?

நம் முன்னோர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம் என்று அவை சொல்கின்றன: வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்கவேண்டும், வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஆனால் அதைவிடக் கண்டிப்பாக இன்னொரு பட்டியல் இருக்கிறது. யார் நிற்கக்கூடாது என்ற பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது. அவன் உறவினர்களும் நிற்கக்கூடாது. நல்லவனைத் தேடுவதற்கு முன்னால் ஆகாதவனுக்குக் கதவை அடைத்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகு கால்பந்து உலகம் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் முத்திரை தர ஆரம்பித்தால், அதற்கு விலையும் ஏறிவிடுகிறது. 2012-ல் இங்கிலாந்தின் தொழில்முறைச் சங்கங்கள் தங்கள் சிறுவர் பயிற்சி மையங்களை நான்கு தரமாகப் பிரித்தன. முதல் தரத்துக்குக் கூரை போட்ட மைதானம், முழுநேர ஊழியர்கள் என்று பெரும் பணம் வேண்டும். சிறிய சங்கங்கள் மூச்சுத் திணறின. பிரெண்ட்ஃபோர்டு என்ற லண்டன் சங்கம் 2016-ல் தன் மையத்தையே மூடிவிட்டது. முத்திரை, பலவீனனைக் கைதூக்கிவிடுவதற்குப் பதிலாகப் பலவானுக்குப் பட்டம் கட்டுவதாகவும் ஆகிவிடக்கூடும்.

இந்தியாவில் இந்த முறை சமீப காலத்தில் வந்தது. 2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை நாம் நடத்தினோம். அந்த ஆண்டுகளை ஒட்டி அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பயிற்சிக் கழகங்களைச் சோதித்து, நட்சத்திரக் கணக்கில் அங்கீகாரம் தரத் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற கழகத்துக்குத் தேசிய இளைஞர் லீகில் ஆடும் வாசல் திறக்கிறது. மைதானம், பயிற்சியாளரின் உரிமம், வைத்திய வசதி, பிள்ளைகளின் வயதுச் சான்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 2022 ஜூனில் என்ன நடந்தது? பதினேழு வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் அணி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோதே உதவிப் பயிற்சியாளர் ஒருவர்மீது புகார் எழுந்தது. அவரைத் திருப்பி அழைத்து, பதவியிலிருந்து நீக்கினார்கள். சங்கங்களுக்கு நட்சத்திரம் வழங்குகிற ஸ்தாபனத்தின் சொந்த அணியில் நடந்தது இது! இரண்டாவது முகத்தை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இனி, எடைக்கல்லைப் பார்த்த கள்ளக்குறிச்சிக்கே திரும்புவோம். 2019 நவம்பரில் இது விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. மேற்கே கல்வராயன் மலை. அங்கே பிறக்கும் கோமுகி ஆற்றுத் தண்ணீர் வெள்ளாற்றோடு சேர்ந்து கடலூர்ச் சீமையில் கடலுக்குப் போகிறது. அந்தக் கடலூர் இன்று பெண்கள் கால்பந்துக்குப் பேர் போன ஊர். இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்ப் பெண். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வென்றிருக்கிறது. தண்ணீர் போகிற வழியில் மலையிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ பந்தோடு இறங்கி வரக்கூடாதா? மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே உரம் ஏறிய கால்கள் அவர்களுடையவை.

வரலாம். ஆனால் அந்த மலையின் சரித்திரத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். மலையாளி என்று பெயர் கொண்ட அந்தப் பழங்குடி மக்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் 1976 வரை இருந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்துத்தான் சர்க்காரின் கை முழுமையாக மலை ஏறிற்று. அதற்கு முன்னும் பின்னும், 'என்னோடு வா, நல்ல சம்பளம்' என்று அழைத்துப் போகும் தரகர்களை இந்த மலைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் சுடப்பட்டு இறந்த 20 தமிழ்நாட்டுக் கூலிகளில் கிழக்குத் தொடர்ச்சி மலைவாசிகளும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய், 'உங்கள் பிள்ளையை அனுப்புங்கள், பெரிய ஆட்டக்காரன் ஆக்குகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் வாத்தியாரா தரகரா என்று அவர்கள் எதைக் கொண்டு அறிவார்கள்?

அதற்குத்தான் முத்திரை. அங்கீகார விதிகளை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். புல் தரை, மின்விளக்கு, உடற்பயிற்சிக் கூடம், உரிமம் பெற்ற பயிற்சியாளர். இவை பணத்தால் வருபவை. வெள்ளிமலைப் பள்ளி மைதானத்துக்கு இவை எப்போது வருமோ! இன்னொரு கூறுக்குச் செலவே கிடையாது. பயிற்சி கொடுக்க வருகிறவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து எழுதி வைப்பது. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் பெரியவர்கள் இருவராவது கூடப் போவது. பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்மணியும் போவது. பிள்ளைக்குத் துன்பம் என்றால் யாரிடம் சொல்லவேண்டும் என்று பெயரைப் பலகையில் எழுதுவது. பெற்றோர் எப்போது வந்தாலும் கதவு திறந்திருப்பது. வாங்கிய காசுக்குக் கணக்குக் காட்டுவது.

முதல் நட்சத்திரத்தை இதற்குத்தான் கொடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது இல்லாதவனுக்கு எத்தனை புல் தரை இருந்தாலும் அடுத்த நட்சத்திரம் கிடையாது என்று வைக்கவேண்டும். அப்போது பட்டணத்துப் பணக்காரக் கழகமும் மலைப் பள்ளிக்கூடமும் ஒரே வாசலில் நின்று ஒரே பரீட்சை எழுதும். மலைப் பள்ளிக்கூடம் அதில் முந்திக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

கரியாலூரிலோ சின்னத்திருப்பதியிலோ ஒரு தாய் பயிற்சியாளரைப் பார்த்து, கோப்பையைப் பற்றியா கேட்கப் போகிறாள்? "சார், ராத்திரியில புள்ளையை யாருங்க பாத்துக்குவாங்க?" என்றுதான் கேட்பாள். தடுமாறாமல், ஒரு பெயரைச் சொல்லிப் பதில் தருகிற சங்கம் எதுவோ, அதன் வாசலில் முத்திரையைக் குத்தலாம்.