காதலும் பேயும் கற்றுத் தந்த தமிழ்

மலர்க் குழுவினர் "கல்லூரி நினைவுகள் எழுதுங்கள்" என்று கேட்டார்கள். விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல், கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்குள் மறைத்துப் படித்த புத்தகங்களைப் பற்றி எழுதட்டுமா என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். ஆகவே அன்பு நண்பர்களே, இது காதல் கதைகளையும் பேய்க் கதைகளையும் பற்றிய ஒரு சிறு வரலாறு. கடைசியில் ஒரு வேண்டுகோளும் உண்டு.

போன கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேத்தி புதுவயலுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். நான் பொறுப்பாகத் திருக்குறள் உரையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஐயா, பேய்க் கதை ஏதாச்சும் இருக்கா? இல்லாட்டி லவ் ஸ்டோரி?" என்றாள். முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால், என் ஆத்தா படிக்கக் கற்றுக்கொண்டதும் அப்படித்தானே!

ஆத்தா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். அப்பச்சி மலாயாவில் இருந்த காலத்தில், அவர்களுக்குத் துணை பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. மரத்தில் தொங்கும் வேதாளத்தை விட மனமில்லாமல் எழுத்துக்கூட்டிப் படித்து, படித்து, பிறகு வார இதழ்களின் தொடர்கதைக்கு வந்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பங்காளி வீட்டு ஆச்சிமார் வந்து உட்கார, ஆத்தா உரக்கப் படிப்பார்கள். கதை முடிந்ததும் பக்கங்களைச் சேர்த்து, காரைக்குடிக்குக் கொடுத்தனுப்பி பைண்டு செய்து வைப்பார்கள்.

இந்த ருசி இன்று நேற்று வந்ததல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் உதயகுமாரனின் தீராத காதலும் இருக்கிறது. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலனும் இருக்கிறான். 1879-ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து தமிழில் நாவல் பிறந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் மர்மமும் காதலும் கலந்து எழுதிக் குவித்தார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வாசகர் கூட்டம் என்று ஒன்று தமிழில் உருவானது அவர்களால்தான்.

வை.மு.கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பாருங்கள். பால்ய விவாகம் ஆனவர். பள்ளிப் படிப்பு இல்லை. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அவரே 1925-ல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். டாக்டர் திரிபுரசுந்தரி, அதாவது 'லக்ஷ்மி', மருத்துவம் படித்தபோது கதை எழுதிய பணத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். குடும்பத்தையும் காதலையும் எழுதிய அவருக்கு 1984-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

நாம் விடுதியில் இருந்தபோது, 1969-ல், 'ராணி முத்து' வந்தது. மாதம் ஒரு முழு நாவல், கைக்கு அடக்கமான விலையில்! பேய் என்றால் பி.டி.சாமி. காதல் என்றால் பிற்பாடு ரமணிசந்திரன். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக் கடையெல்லாம் பாக்கெட் நாவல்கள் தொங்கின. அமானுஷ்யத்தை ஊர்க் கோயிலோடும் குலதெய்வத்தோடும் சேர்த்துச் சொன்ன இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்ம தேசம்', தொண்ணூறுகளில் தொலைக்காட்சித் தொடராக வந்து தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது. அவர் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார்.

சரி, பேத்தி கேட்டாளே. ஆத்தாவின் பைண்டு புத்தகங்களைக் கொடுக்கலாம் என்று நினைத்த மறுகணம்தான் ஞாபகம் வந்தது. 1980-ல் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, "குப்பை, கரையான் பிடிக்கும்" என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவனே நான்தான். ஆத்தா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. "போடணும்னா போடுப்பா" என்றார்கள், அவ்வளவே. டிகிரி வாங்கிய எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது.

அதே சமயத்தில், நம் ஊரிலிருந்து சில மைல் தள்ளிக் கோட்டையூரில் ஒருவர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தார். அவர் ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். அந்தக் கடையின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. 1950 வாக்கில் சேகரிக்கத் தொடங்கினார். இலக்கணம், இலக்கியம் மட்டுமல்ல. துப்பறியும் நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவருக்குச் சமம். எது உயர்ந்தது, எது மட்டம் என்று தரம் பிரிக்கவில்லை. வீடு நிறைய சுமார் ஒரு லட்சம் சேர்ந்தது. 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கினார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. நான் எடைக்குப் போட்ட மாதிரிப் புத்தகங்களை வைத்துத்தான் அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார்கள். நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் பேத்திக்கு எதைக் கொடுத்தேன் என்று சொல்கிறேன். கல்கியின் 'சோலைமலை இளவரசி'. ஆத்தாவின் பைண்டுகளில் அதுவும் ஒன்று. 1942 போராட்டத்தில் போலீசுக்குத் தப்பி ஓடும் ஓர் இளைஞன் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே அவனுக்குத் தன் முற்பிறவியும் அந்தப் பிறவியின் காதலியும் தெரிகிறார்கள். காதலும் அமானுஷ்யமும் ஒரே சின்னப் புத்தகத்தில்! கூடவே நம் சீமையின் வரலாறும் இருக்கிறது. 1942 ஆகஸ்டில் திருவாடானை சிறையை மக்கள் உடைத்து சின்ன அண்ணாமலையை விடுவித்ததை நம் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லுவார்கள் அல்லவா? பின்னாளில் கல்கியின் நூல்களைப் பதிப்பித்தவரும் அதே சின்ன அண்ணாமலைதான். கதையின் முடிவை நான் சொல்ல மாட்டேன். பேத்தி மூன்று நாளில் முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது குடுங்க ஐயா" என்றாள்.

அனுபவத்தில் சொல்கிறேன். புதிதாகப் படிக்க வருகிறவருக்குச் சின்னப் புத்தகமாகக் கொடுங்கள். பயப்பட விரும்புகிறவருக்கு இந்திரா சௌந்தர்ராஜன். சந்தோஷமான முடிவு வேண்டுமென்றால் ரமணிசந்திரன். கொஞ்சம் பழகியதும் லக்ஷ்மி. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகத்தையும் முதல் நாளே தலையில் தூக்கி வைக்காதீர்கள்; அது தானாக வரும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால் மலிவுப் பதிப்பே கிடைக்கும். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 1931-லேயே நூலக விதி வகுத்தவர் நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன். அதில் காதல் கூடாது, பேய் கூடாது என்று அவர் விலக்கு வைக்கவில்லை.

இனி வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, பெட்டக அறையிலோ பழைய பைண்டு புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவர்களுக்கு வேண்டாமென்றால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். என் ஆத்தாவிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பை, உங்களிடம் இப்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க வாசிப்பு!