ரசீது இல்லாத மனிதர்கள்

வணிகச் சட்டப் பாடத்தில் 'பெய்ல்மென்ட்' என்று ஓர் அத்தியாயம் வரும். நம் வகுப்பில் எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148. ஒரு பொருளை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். வேலை முடிந்ததும் அவர் திருப்பித் தர வேண்டும். தரவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சலவைக் கடையில் போட்ட சட்டைக்குக்கூட ஒரு சீட்டு உண்டு.

சட்டைக்கு இருக்கும் இந்த நியாயம் ராணுவம் பிடித்துப் போன மனிதனுக்கு உண்டா?

காகிதத்தில் உண்டு. இலங்கையில் 1995 ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஓர் உத்தரவு போட்டார். படையினர் யாரையாவது கைது செய்தால், கைது செய்ததை ஒப்புக்கொண்டு குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒரு சீட்டுத் தர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைப் பணிக்குழுவுக்கும் தகவல் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவு. அடுத்த ஆண்டே யாழ்ப்பாணத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிட்டது.

1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகரம் புலிகளிடமிருந்து ராணுவத்தின் கைக்கு வந்தது. 1996 ஜூலையில் புலிகள் முல்லைத்தீவு முகாமைத் தாக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளிலும் வீடுகளிலும் பிடிக்கப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமல் போனதாக அம்னஸ்டி இன்டர்நேஷனல் கணக்கிட்டது. பெற்றோர் முகாம் முகாமாக அலைந்தார்கள். கிடைத்த பதில், "நாங்கள் பிடிக்கவே இல்லை."

1996 செப்டம்பர் 7. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, வயது 18, வேதியியல் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் கைதடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். செம்மணி சாவடியில் நிறுத்தப்பட்டார். தேடிப் போன தாய் இராசம்மா, 16 வயதுத் தம்பி பிரணவன், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், மூவரும் திரும்பவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து நான்கு உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன. கிருஷாந்தி கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மகளைக் கேட்கப் போனதுதான் அந்தத் தாய் செய்த குற்றம். கேட்பவரையும் இல்லாமல் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்த வழக்கு அபூர்வமாக நீதிமன்றம் வரை போனது. 1998 ஜூலை 3-ல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. (இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை.) தண்டனை பெற்றவர்களில் ஒருவரான லான்ஸ் கார்ப்பரல் சோமரத்ன ராஜபக்ச அங்கேயே ஒரு குண்டைப் போட்டார். செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்டுகிறேன் என்றார். 1999-ல் தோண்டியபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். அந்தப் புதைகுழிகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நடந்தது என்று எழுதினால் அது பாதி வரலாறுதான். 1987-90 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கே ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இதே போலக் காணாமல் போனார்கள். எம்பிலிப்பிட்டியவில் பள்ளி மாணவர்களைக்கூட விடவில்லை. புலிகள் பிடித்துச் சென்று திரும்பாதவர்களும் உண்டு.

நம் நாடும் சுத்தமில்லை. 1982 மார்ச்சில் மணிப்பூரில் சி. டேனியல், சி. பால் என்ற இருவர் ராணுவ முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஜே.என்.யு.வில் படித்துக்கொண்டிருந்த செபாஸ்டியன் ஹோங்ரே என்ற மாணவர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். "அவர்களை அனுப்பிவிட்டோம்" என்றது அரசுத் தரப்பு. கோர்ட் நம்பவில்லை. கடைசியாக உயிரோடு யார் கையில் இருந்தார்களோ அவர்களே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலையை எடுத்தது. 1984-ல் இரு மனைவியருக்கும் தலா 1 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. கணவர்கள் மட்டும் வரவே இல்லை. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இலங்கை 2016-லேயே செய்துவிட்டது. அங்கே சட்டம் இருக்கிறது, 2018 முதல் காணாமல் போனோர் அலுவலகமும் இருக்கிறது. ஆட்கள்தான் கிடைக்கவில்லை!

ஒருவர் செத்துவிட்டார் என்றால் அழுது, காரியம் செய்து, சொத்தையும் பெயர் மாற்றலாம். காணாமல் போனால் இதில் எதுவும் முடியாது. மனைவி பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதே கேள்வியாகிவிடும். உடலை மறைப்பவன் சாட்சியத்தை மட்டும் மறைக்கவில்லை, துக்கப்படும் உரிமையையும் சேர்த்துப் பறிக்கிறான்.

2025 பிப்ரவரியில் அதே செம்மணிப் பக்கம், சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காகக் குழி தோண்டியபோது மறுபடி எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அந்த ஆண்டு தோண்டியதில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையதும் உண்டு. கூடவே ஒரு பள்ளிப் பை, ஒரு பொம்மை, ஒரு பால் புட்டி. அந்தப் பொருட்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, தங்கள் வீட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க குடும்பங்கள் வந்தன.

1996-ல் ரசீது தந்திருந்தால் இன்று பால் புட்டியைப் பார்த்து அடையாளம் தேட வேண்டியிருக்காது.